காவக்காரனும் ஜனாதிபதியும்

எங்க நைனா இருபத்திரண்டு வருஷம் ராத்திரி வாச்மேனாக இருந்தார். வடசென்னையில் ஒரு குடோன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் காலையில் ஆறு மணிக்குத்தான் வருவார். ஒரு டார்ச் லைட், ஒரு தடி, ஒரு நோட்டு. மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவர். ஆனாலும் அந்த நோட்டில் மணிக்கொருதரம் எழுதுவார். ‘பதினோரு மணி, பூட்டு சரி. பன்னண்டு மணி, பூட்டு சரி.’ கோணல்மாணலான எழுத்து. அந்த எழுத்தில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குப் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே முதலாளியின் மகன். வெளியே ஒரு லாரி. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ‘நீ போய் முன்னாடி நில்லுடா’ என்றான். நைனாவைவிட முப்பது வயசு சின்னவன். நைனா முன்னாடி போய் நின்றார். நின்றபடியே நோட்டில் எழுதினார்: ‘ரெண்டு மணி. பின்கதவு தொறந்து இருந்தது. சின்ன மொதலாளி லாரில சரக்கு ஏத்தினார்.’

மறுவாரம் கணக்கில் சரக்கு குறைந்தது. முதலில் பிடித்தது வாச்மேனைத்தான். ஸ்டேஷனில் ஒரு பகல், ஒரு ராத்திரி உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்று நான் எழுதுவது நைனாவின் மானத்துக்காக. ‘நோட்டப் பாருங்க சார், நோட்டப் பாருங்க சார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். நோட்டைக் கொண்டுவந்து பார்த்தபோது அந்தப் பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு லாரிக்காரன் வழியாக உண்மை தெரிந்துவிட்டது. முதலாளி வீட்டார் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். பெரிய முதலாளி நைனாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: ‘சின்னப் பையன், ஏதோ தெரியாம பண்ணிட்டான். நாங்க மன்னிச்சு விட்டுட்டோம். நீயும் வெளிய பேசாத.’

அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடாமல் நைனா அம்மாவிடம் கேட்டார்: ‘அடி வாங்கினது நானு. மன்னிச்சது அவுங்க. இது எந்த ஊரு நாயம்?’

அது ஒரு தத்துவக் கேள்வி என்று எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. விளங்க வைத்தது அமெரிக்காவில் இருந்த இன்னொரு வாச்மேன்.

கல்லூரியில் எங்களுக்கு வாட்டர்கேட் ஊழலை நடத்தினார்கள். அந்தப் பாடத்தில் ஒரு ஜனாதிபதி இருந்தார், ரிச்சர்ட் நிக்சன். இரண்டு பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், ஒரு நீதிபதி இருந்தார். வாச்மேன் இல்லை. அவர் பெயரை நான் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஃபிராங்க் வில்ஸ். கறுப்பர். அப்போது வயது 24. வாரத்துக்கு 80 டாலர் சம்பளம்.

1972 ஜூன் 17, விடிந்தால் சனிக்கிழமை. வாஷிங்டன் நகரில் வாட்டர்கேட் கட்டடம். ரோந்து போன வில்ஸ், கீழே கார் நிறுத்தும் தளத்துக் கதவில் தாழ்ப்பாள் விழாதபடி டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேலைக்காரர்கள் யாராவது ஒட்டியிருப்பார்கள் என்று பிய்த்துப் போட்டார். திரும்ப வந்து பார்த்தபோது மறுபடியும் டேப். ரோந்துப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தார், போலீசைக் கூப்பிட்டார். ஆறாவது மாடியில், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்தில், ஒட்டுக்கேட்கும் கருவிகளோடும் காமிராக்களோடும் ஐந்து பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டே மேலே போனது. ஆறாவது நாளே, ஜூன் 23 அன்று, விசாரணையை சி.ஐ.ஏ.வை வைத்து நிறுத்தப் பார்த்தார் நிக்சன். அந்தப் பேச்சு அவருடைய அறையிலேயே ஒலிநாடாவில் பதிவாகிக் கிடந்தது. நாடாக்களைக் கேட்ட சிறப்பு வழக்கறிஞரை 1973 அக்டோபர் 20 அன்று வேலையை விட்டு நீக்கச் சொன்னார். அட்டர்னி ஜெனரல் மறுத்து ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்தவரும் மறுத்து வெளியேறினார். மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்டார். ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிஷம் அழிந்து கிடந்தது. எனக்கு உடனே நைனாவின் நோட்டுத்தான் ஞாபகம் வந்தது. கிழித்த ஓரம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

1974 ஜூலை 24இல் உச்சநீதிமன்றம், எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, நாடாக்களைக் கொடு என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9இல் நிக்சன் பதவி விலகினார். பாடம் இதோடு முடிந்துவிட்டது. ‘ஜனநாயகம் வென்றது. சட்டத்தின் முன் ஜனாதிபதியும் ஒன்றுதான்.’ இதைப் பரீட்சையில் எழுதிப் பத்து மார்க் வாங்கினேன்.

தோழர்களே, அந்தப் பத்து மார்க்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

நிக்சன் மீது அமெரிக்கக் கீழ்ச்சபையின் நீதிக்குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. நீதியைத் தடுத்தது, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தது, கேட்ட ஆவணங்களைக் கொடுக்க மறுத்தது. இவை எல்லோருக்கும் தெரியும். நான்காவதாக ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர் ஜான் கான்யர்ஸ். நிக்சனின் ‘எதிரிகள் பட்டியலில்’ இருந்தவர்.

1969 மார்ச்சிலிருந்து 1970 மே வரை பதினான்கு மாதங்கள், நடுநிலை நாடான கம்போடியாவின் மீது அமெரிக்கா ரகசியமாகக் குண்டு போட்டது. பி-52 விமானங்கள் 3,600 முறைக்கு மேல் பறந்தன. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகள் விழுந்தன. போர் தொடுக்கும் அதிகாரம் அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்துக்குத்தான். அதற்கு முறையாகச் சொல்லவே இல்லை. இன்னொன்றும் செய்தார்கள். ராணுவத்திலேயே இரட்டைக் கணக்கு. கம்போடியாவில் விழுந்த குண்டு தென்வியட்நாமில் விழுந்ததாகப் புத்தகத்தில் எழுதப்பட்டது. உண்மையான தாள்கள் எரிக்கப்பட்டன. எரித்த ராணுவ அதிகாரி ஒருவரே 1973இல் வந்து சாட்சி சொன்னார்.

இது குற்றமா என்று குழுவில் ஓட்டெடுத்தார்கள். 1974 ஜூலை 30. குற்றம் என்றவர்கள் 12 பேர். இல்லை என்றவர்கள் 26 பேர்.

ஓர் அலுவலகத்துக்குள் ராத்திரியில் புகுந்தது குற்றம். ஒரு நாட்டின் குடிசைகள் மீது பதினான்கு மாதம் குண்டு போட்டு மறைத்தது, பதவியைப் பறிக்கும் அளவுக்குக் குற்றம் அல்ல. ஏன்? அலுவலகத்தில் இருந்தவர்கள் நிக்சனுக்குச் சமமானவர்கள். கம்போடிய விவசாயி யாருக்கும் சமமானவர் அல்ல. சேரி கொளுத்தப்பட்டால் ‘கலவரம்’ என்றும், ஊர்த்தெருவில் ஒரு கண்ணாடி உடைந்தால் ‘வன்முறை’ என்றும் எழுதுகிற பத்திரிகைகளைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதுசில்லை.

வாட்டர்கேட் ஆட்கள் கருவியோடு ராத்திரியில் புகுந்தார்களே, அந்தப் பழக்கம் எங்கே கற்றது? 1956 முதல் 1971 வரை எஃப்.பி.ஐ. ‘கோயின்டெல்புரோ’ என்றொரு ரகசியத் திட்டம் நடத்தியது. முதலில் கம்யூனிஸ்டுகள், பிறகு கறுப்பின இயக்கங்கள். ஒட்டுக்கேட்பது, பொய்க் கடிதம் எழுதுவது, இயக்கத்துக்குள் ஆள் வைத்துச் சண்டை மூட்டுவது. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963இல் அனுமதி கொடுத்தவர் ராபர்ட் கென்னடி, ஜனாதிபதியின் சொந்தத் தம்பி. கென்னடி குடும்பத்தின் படத்தைக் கறுப்பர்கள் தங்கள் வீட்டில் மாட்டிவைத்திருந்த காலம் அது. 1964இல் கிங்குக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. தற்கொலை செய்துகொள் என்பதுதான் அதன் பொருள். அனுப்பியது எஃப்.பி.ஐ.

1969 டிசம்பர் 4, விடியற்காலை. சிகாகோவில் கருஞ்சிறுத்தைகள் இயக்கத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையில் இருந்தபடி போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. போலீஸ் தரப்பிலிருந்து தொண்ணூறு குண்டுகளாவது பாய்ந்தன. உள்ளே இருந்தவர்கள் சுட்டதாகத் தடயம் கிடைத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தது உள்ளேயே வைத்திருந்த உளவாளி. அந்த இயக்கத்தின் பெயரைத் தாங்கித்தான் 1972இல், வாட்டர்கேட் நடந்த அதே வருஷம், பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. அதனால் இதை நாம் அடுத்த வீட்டுக் கதையாகக் கேட்க முடியாது.

இதற்காக எந்த ஜனாதிபதியும் பதவி விலகவில்லை. இந்தத் திட்டம் வெளியே வந்ததே 1971 மார்ச் 8இல் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்து, சாதாரண மனிதர்கள் சிலர் கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதால்தான்.

நான் கண்ட பாடம் இது. கட்டற்ற அதிகாரம் ஒருநாளில் மேலிருந்து குதிப்பதில்லை. சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்கள் மேல்தான் அது முதலில் கைபழகுகிறது. அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் பழகின கை, ஒருநாள் கேட்கிறவன் வீட்டுக் கதவையும் தட்டும். அன்றைக்குத்தான் நாடு அதை ஊழல் என்கிறது. கம்போடியாவையும் ஹாம்ப்டனையும் கடந்து வந்தவர்களுக்கு வாட்டர்கேட் ஒரு பெரிய காரியமாகவே தோன்றியிருக்காது. ஆகவே, ஒரு தேசத்தின் ஜனாதிபதி எவ்வளவு தூரம் போவார் என்று தெரிய வேண்டுமானால் மாளிகையைப் பார்க்க வேண்டாம். அந்த நாட்டின் சேரியைப் பார்த்தால் போதும்.

இனி நைனாவின் கேள்விக்கு வருகிறேன்.

நிக்சன் விலகி முப்பது நாள் கழித்து, 1974 செப்டம்பர் 8இல், அவரே துணை ஜனாதிபதியாக நியமித்து, பிறகு ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு, நிக்சன் பதவிக்காலம் முழுவதற்குமாகப் பூரண மன்னிப்பு வழங்கினார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, என்ன செய்தார் என்ற ஒப்புதலும் இல்லை. நாட்டின் காயம் ஆற வேண்டும் என்றார்கள். யாருடைய காயம்?

ஃபிராங்க் வில்ஸுக்கு என்ன ஆயிற்று? வாட்டர்கேட் வேலை நிலைக்கவில்லை. சில நாள் புகழ். வாட்டர்கேட்டைப் பற்றிய சினிமாவில் தன்னுடைய வேஷத்தைத் தானே போட்டார். பிறகு நிலையான வேலை எதுவும் அமையவில்லை. 1983இல் கடையில் 12 டாலர் மதிப்புள்ள ஒரு ஜோடி ஷூவைத் திருடியதாக அவருக்கு ஒரு வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். நோய்ப்பட்ட தாயாரோடு, தாயாரின் உதவிப் பணத்தில் வாழ்ந்தார். தாயார் இறந்தபோது புதைக்கப் பணமில்லாமல் உடலை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 2000 செப்டம்பரில், 52 வயதில், மூளைக் கட்டியால் இறந்தார்.

ஒரு ஜோடி ஷூவுக்கு ஒரு வருஷம். ஐந்தரை வருஷ ஆட்சிக்கு ஒரு நாள் கூட இல்லை. நாட்டின் காயத்தை ஆற்ற நினைத்தவர்களுக்கு வில்ஸின் காயம் நாட்டின் உடம்பில் இருப்பதாகவே தோன்றவில்லை.

மன்னிப்பு பெரிய குணம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பு ஒரு சொத்து என்றால் அது யார் பேரில் பட்டா ஆகியிருக்கிறது? அடிபட்டவர் பேரில்தான் இருக்க முடியும். அடிபட்டவர் உயிரோடு இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அடித்தவனின் பங்காளி கொடுப்பது மன்னிப்பல்ல, பங்கு. பெரிய முதலாளி சின்ன முதலாளியை மன்னித்ததும் அதுதான்.

இதிலிருந்து ஆள்கிறவர்கள் பாடம் கற்றார்கள், நம்மைவிட வேகமாக. ரீகன் காலத்தில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவாவின் கான்ட்ரா படைகளுக்குக் கொடுத்தார்கள். கான்ட்ராக்களுக்கு ராணுவ உதவி கூடாது என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது. 1986 நவம்பரில் விஷயம் வெளியே வந்தபோது வெள்ளை மாளிகை ஊழியர்கள் தாள்களை அரவை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் கிழித்த ஓரம். 1992 டிசம்பர் 24இல், பதவி முடிய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், புஷ் ஆறு பேரை மன்னித்தார். அதில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சரின் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. வந்திருந்தால் ரீகனுக்குத் துணை ஜனாதிபதியாக இருந்த புஷ்ஷே சாட்சிக்கூண்டுக்கு வர நேர்ந்திருக்கலாம். கான்ட்ராக்களிடம் செத்த நிகரகுவா கிராமத்தாரை யாரும் கேட்கவில்லை.

2024 டிசம்பரில் பைடன் தன் மகனை மன்னித்தார். 2025 ஜனவரி 20இல் டிரம்ப், 2021இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் தன் பேரைச் சொல்லிப் புகுந்த வழக்குகளில் சுமார் 1,500 பேரை மன்னித்தார். இரண்டும் சம எடை என்று சொல்ல வரவில்லை. இரண்டிலும் மன்னித்தவருக்கும் மன்னிக்கப்பட்டவருக்கும் உறவு இருந்தது, பாதிக்கப்பட்டவருக்குப் பேச்சில்லை என்கிறேன்.

ஜனாதிபதி செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்ற பொருளில் 1977இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நிக்சன் சொன்னபோது உலகம் சிரித்தது. 2024 ஜூலை 1இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஜனாதிபதியின் அடிப்படை அதிகாரங்களுக்கு உட்பட்ட செயல்களுக்காக அவர் மீது குற்ற வழக்கே போட முடியாது, மற்ற அலுவல்பூர்வச் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அனுமானிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதவிக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் காரியத்துக்கு மட்டும் பாதுகாப்பு இல்லையாம். போலீசையும் உளவுத் துறையையும் ஏவுவது அலுவலா, சொந்தக் காரியமா? 1972 ஜூன் 23 நாடாவை இந்தத் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் சாயும்? நாற்பத்தேழு வருஷத்தில் சிரிப்பு தீர்ப்பாகிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே யோசித்திருந்தார். அமெரிக்காவில் படித்தவர், அந்த அமைப்பை அருகிலிருந்து பார்த்தவர். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் வரைவை வைத்துப் பேசியபோது, நமது குடியரசுத் தலைவர் பெயரில்தான் அமெரிக்க ஜனாதிபதியைப் போன்றவர், நிலையில் இங்கிலாந்து மன்னரைப் போன்றவர் என்றார். அமெரிக்க முறையில் ஆட்சிக்கு உறுதி அதிகம், பதில் சொல்லும் பொறுப்பு குறைவு. நாடாளுமன்ற முறையில் பொறுப்பு அதிகம். அங்கே கேள்வி தினமும் கேட்கப்படுகிறது, தேர்தலுக்குத் தேர்தல் மட்டுமல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால் பொறுப்பையே தேர்ந்தோம் என்றார்.

தீண்டப்படாதவனாகப் பிறந்த ஒருவர் ஏன் உறுதியைவிடப் பொறுப்பை விரும்பினார்? உறுதியான ஆட்சியை நாம் பார்த்திருக்கிறோம். ஊரில் பரம்பரை நாட்டாமையைவிட உறுதியான ஆட்சி ஏது? அவரை ஏன் என்று கேட்க முடியாது என்பதுதான் நம் கஷ்டம்.

ஆனாலும் அமைப்பு மட்டும் போதவில்லை. 1975 ஜூன் 25 ராத்திரி, பிரதமர் அனுப்பிய தாளில் நமது குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டு நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார். அமைச்சரவைக்குத் தெரிந்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு. மன்னரைப் போன்றவர் என்று வைத்தால் அவர் ரப்பர் ஸ்டாம்பு ஆனார். அதிகாரம் இன்னொரு கையில் குவிந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்று 1978இல் 44ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். எழுத்தில்! நைனாவின் நோட்டு அரசியல் சட்டத்துக்குள் நுழைய ஒரு நெருக்கடி நிலை தேவைப்பட்டது. 1949 நவம்பர் 25 உரையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் கொண்டுபோய் விடும் என்றார். தலைவர் படத்துக்குப் பாலாபிஷேகம் செய்கிற நம் தெருப் பையன்களிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இயக்கங்களுக்குள்ளும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சட்டமெல்லாம் மேல்சாதி நாடகம், விட்டுத்தள்ளு என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1974 ஜூலை 25 ராத்திரி, அதே நீதிக்குழுவில், டெக்சாஸிலிருந்து வந்த கறுப்பினப் பெண் பார்பரா ஜோர்டன் பேசினார். அரசியல் சட்டத்தின் முதல் வாக்கியத்தில் ‘மக்களாகிய நாம்’ என்று எழுதியபோது தன்னைப் போன்றவர்கள் அதில் இல்லை, பிற்பாடுதான் திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் உள்ளே வந்தோம் என்று நினைவூட்டினார். வந்த பிறகு அந்தச் சட்டம் சிதைக்கப்படுவதைக் கை கட்டிப் பார்க்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார். அது விசுவாசமல்ல. தனக்குச் சேர வேண்டிய பங்கைக் காவல் காப்பது. மேலே இருப்பவருக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. நமக்கு ஒரு தாள்தான் இருக்கிறது. அதையும் கிழிக்க விட்டால் நம்மிடம் கிழிந்த ஓரம்தான் மிஞ்சும்.

ஃபிராங்க் வில்ஸ் நேரத்தைக் குறித்த அந்தப் பக்கம் கிழிக்கப்படவில்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. எழுதியவருக்குச் சோறு போடவில்லை. எழுத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் கோபமும் உண்டு, ஆறுதலும் உண்டு.

நைனா அந்த வேலையை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரெண்டு நோட்டு வாங்கினார். ஒன்று குடோனில் இருக்கும். இன்னொன்று வீட்டுக்கு வரும். காலையில் வந்து, பல் விளக்குவதற்கு முன்னால், ராத்திரி எழுதியதை எல்லாம் இன்னொரு தரம் எழுதுவார். ‘எதுக்கு நைனா ரெண்டு?’ என்று கேட்டதற்குச் சொன்னார்:

‘ஒண்ணு அவுங்க கிழிக்க. ஒண்ணு நீ படிக்க.’